எந்த மாசத்தோடு எந்த மாசம்?

மாதத்தின் முதல் வாரத்தில் தமிழ் இணையதளங்கள் பலவற்றின் மின்னஞ்சல் பெட்டியில் ஒரு பி.டி.எஃப். வந்து விழும். முதல் பக்கத்தில் தளத்தின் சின்னம். இரண்டாம் பக்கத்தில் நாலு கட்டம்: கிளிக், இம்ப்ரஷன், சி.டி.ஆர்., சராசரி இடம். ஒவ்வொன்றின் கீழும் ஓர் அம்புக்குறி. ஏறினால் பச்சை, இறங்கினால் சிவப்பு. ‘கடந்த 28 நாள், அதற்கு முந்தைய 28 நாளுடன் ஒப்பிடப்பட்டது’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அந்த வரியை யாரும் படிப்பதில்லை. அம்புக்குறியைப் பார்த்த கையோடு அடுத்த மாதம் எதை எழுதுவது, எதை நிறுத்துவது, யாருடைய சன்மானத்தில் கை வைப்பது என்று முடிவாகிவிடும்.

நான் சம்பளத்துக்கு மென்பொருள் எழுதுகிறவன். நண்பர்கள் நடத்தும் இரண்டு மூன்று தளங்களுக்குச் சம்பளமில்லாமல் பின்புற வேலையும் பார்க்கிறேன். அதனால் இந்த ரிப்போர்ட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். என் புகார் இதுதான்: இரண்டு காலங்களின் தேடல் கணக்கை ஒப்பிடுவது நல்ல பழக்கம். ஆனால் இன்று அது நடக்கிற விதம் பெரும்பாலும் தப்பு. அந்தத் தப்பு தமிழில் எழுதப்படுவதன் உள்ளடக்கத்தையே மாற்றிக்கொண்டிருக்கிறது. கணக்கைக் கண்டாலே மூக்கைப் பொத்திக்கொள்ளும் இலக்கியவாதிகளுக்கும் இந்தப் பழியில் சரிபாதி பங்கு உண்டு.

*

முதலில் மழை.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. கரிசலும் கண்மாயுமான நாடு. பருத்தி, மல்லி, மிளகாய், கம்பு, குதிரைவாலி எல்லாம் ஐப்பசி, கார்த்திகையில் விழும் மழையை நம்பித்தான். அங்கே ஒரு சம்சாரியிடம் போய், “அண்ணாச்சி, இந்தக் கார்த்திகையில போன ஆவணியவிட மழை பல மடங்கு கூடியிருக்கு, வாழ்த்துகள்” என்று சொல்லிப் பாருங்கள். வெயில் மண்டையில ஏறிருச்சு போல என்று நினைத்து ஒரு செம்பு தண்ணீர் கொடுத்து உட்காரச் சொல்வார். கார்த்திகையைக் கார்த்திகையோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம்முடைய மாதாந்திர ரிப்போர்ட்டுகள் ஆவணியையும் கார்த்திகையையும்தான் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பச்சை பூசுகின்றன.

சரி, போன வருஷக் கார்த்திகையோடு ஒப்பிட்டால் போதுமா? அதுவும் போதாது. தமிழகம் முழுமைக்குமான வடகிழக்குப் பருவமழை 2015இல் இயல்பைவிட 53 சதவீதம் அதிகம். சென்னை மூழ்கிய வருஷம். 2016இல் 62 சதவீதம் குறைவு, மாநிலம் கண்ட மிக மோசமான பொய்த்தல்களில் ஒன்று. 2017இல் 9 சதவீதம் குறைவு. இயல்பை 100 என்று வைத்தால் மூன்று ஆண்டுகளும் 153, 38, 91. இப்போது ரிப்போர்ட் மொழியில் படியுங்கள். 2016: 75 சதவீதச் சரிவு, சிவப்பு. 2017: 139 சதவீத வளர்ச்சி, பளிச்சென்று பச்சை. 75 போய் 139 வந்ததால் லாபம்தானே என்று மனசு கூட்டிப் பார்க்கும். ஆனால் 2017இல் இயல்பான மழைகூடப் பெய்யவில்லை. அந்த 139 சதவீதத்தில் பெரும்பகுதி 2016இன் பள்ளம். நாலில் மூன்று பங்கை இழந்தவன் பழைய இடத்துக்கு வர 300 சதவீதம் ஏற வேண்டும் என்பது எட்டாம் வகுப்புக் கணக்கு. அம்புக்குறி அதைச் சொல்வதில்லை.

ஊர்க்காரர்கள் இதை வேறு மாதிரி ஞாபகம் வைத்திருக்கிறார்கள். ‘கண்மாய் உடைஞ்ச வருஷம்’, ‘கலிங்கு பாய்ஞ்ச வருஷம்’, ‘விதைச்சது முளைக்காத வருஷம்’. ஓர் ஆண்டை எடைபோட அவர்களிடம் பத்து இருபது ஆண்டுகள் வரிசையாகக் கிடக்கின்றன. கூகுள் சர்ச் கன்சோலில் கிடக்கிற ஞாபகம் 16 மாதம். 2018க்கு முன்பு அதுவும் இல்லை, வெறும் 90 நாள்தான். ஒரு முழு ஆண்டை முந்தைய முழு ஆண்டோடு வைத்துப் பார்க்க 24 மாதக் கணக்கு வேண்டும். கருவி தருவது 16. ஆக, அந்தக் கருவிக்குள் மட்டுமே வாழ்கிறவருக்கு ஓர் ஆண்டு என்பதே தெரிய வாய்ப்பில்லை.

*

அடுத்தது நாள்காட்டி. ரிப்போர்ட் தயாரிப்பவர் ஆங்கில மாதத்தில் வாழ்கிறார். தமிழ் வாசகர் அதில் பாதி நேரம்தான் வாழ்கிறார்.

தீபாவளி 2023இல் நவம்பர் 12. 2024இல் அக்டோபர் 31. 2025இல் அக்டோபர் 20. பலகாரக் குறிப்பு, பட்டாசு விலை, எண்ணெய் தேய்க்க நல்ல நேரம் என்று தேடுகிற கூட்டம் தீபாவளிக்கு முந்தைய நாட்களில்தான் திரளும். 2024 அக்டோபரை 2023 அக்டோபரோடு ஒப்பிட்டால் பெரிய வளர்ச்சி தெரியும். 2024 நவம்பரை 2023 நவம்பரோடு ஒப்பிட்டால் பெரிய வீழ்ச்சி தெரியும். இரண்டும் நடக்கவே இல்லை. நிலா கொஞ்சம் முன்னால் வந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த நவம்பர் ரிப்போர்ட்டைப் பார்த்து யாரோ ஓர் ஆசிரியருக்குத் திட்டு விழுந்திருக்கும்.

ரமணர் பிறந்த ஊர் திருச்சுழி. ஜெயந்தி மார்கழிப் புனர்பூசத்தில். சில ஆண்டு டிசம்பரில் வரும், சில ஆண்டு ஜனவரியில் வரும். அந்த ஊரைப் பற்றி ஒரு நல்ல கட்டுரை வைத்திருக்கும் தளம் ஜனவரியை ஜனவரியோடு ஒப்பிட்டுக்கொண்டே இருந்தால், ஓராண்டு கொண்டாடும், ஓராண்டு துக்கம் அனுசரிக்கும்.

இன்னொரு வேடிக்கை. சர்ச் கன்சோலின் தினசரிக் கணக்கில் நாள் என்பது கலிபோர்னியாவின் நாள். அது நம் மதியம் 12.30க்குப் பிறக்கும், அங்கே குளிர்காலம் என்றால் 1.30க்கு. தீபாவளி அன்று விடியற்காலை ஐந்து மணிக்குத் தலையில் எண்ணெயோடு நீங்கள் தேடியது முந்தைய நாள் கணக்கில் போய் உட்காரும். ‘தீபாவளி அன்று டிராஃபிக் ஏன் குறைவு?’ என்று விளக்கம் கேட்கிற கூட்டத்தில் இதைச் சொல்ல ஒருவராவது இருக்கிறாரா?

*

மூன்றாவது, சராசரி இடம். இந்த நாலு கட்டங்களில் அதிக ஏமாற்று வேலை செய்வது இதுதான்.

ஒரு கணக்குப் போடுவோம். உங்கள் தளத்தில் கரிசல் மண்ணைப் பற்றி ஒரு கட்டுரை. போன மாதம் ஒரே ஒரு தேடலில் 100 முறை தென்பட்டது, இரண்டாம் இடத்தில். 20 பேர் கிளிக் செய்தார்கள். சி.டி.ஆர். 20 சதவீதம், சராசரி இடம் 2. இந்த மாதம் அதெல்லாம் அப்படியே இருக்கிறது. கூடவே, இதுவரை உங்களைக் கண்டுகொள்ளாத இன்னொரு தேடலிலும் 30ஆம் இடத்தில் 100 முறை தென்படுகிறது. அதிலிருந்து ஒருவர் வருகிறார். இப்போது சராசரி இடம் 16. சி.டி.ஆர். 10.5 சதவீதம். ரிப்போர்ட்டில் இரண்டு சிவப்பு அம்பு. ‘ரேங்கிங் 2இலிருந்து 16க்கு விழுந்துவிட்டது, உடனே நடவடிக்கை தேவை’ என்று ஒரு குறிப்பு.

நடந்தது என்ன? கட்டுரை புதிதாக ஒரு கதவைத் தட்டியிருக்கிறது. ஒரு வாசகர் கூடுதலாக வந்திருக்கிறார். எதுவும் விழவில்லை. வளர்ச்சியைச் சராசரி வீழ்ச்சியாகக் காட்டுகிறது.

இதே விஷயம் தலைகீழாக நடந்ததை உலகமே பார்த்தது. 2025 செப்டம்பரின் இரண்டாம் வாரத்தில் கூகுள் ஒரு சின்ன வசதியை நிறுத்தியது. தேடல் முகவரியில் ஒரு சொல்லைச் சேர்த்தால் ஒரே பக்கத்தில் 100 முடிவுகள் வரும் வசதி அது. மனிதர்களைவிட, யார் எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்று வேவு பார்க்கும் மென்பொருள்கள்தான் அதை ஓயாமல் பயன்படுத்தின. பக்கம் விரிந்தாலே இம்ப்ரஷன் என்பதால் 80ஆம் இடத்தில் கிடக்கும் பக்கத்துக்கும் கணக்கு ஏறிக்கொண்டிருந்தது. வசதி போனதும் எத்தனையோ தளங்களின் இம்ப்ரஷன் சரிந்தது, சராசரி இடம் உயர்ந்தது. ஒரு வரிகூட யாரும் மாற்றி எழுதவில்லை. படித்தவர்கள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த மாத ரிப்போர்ட்டில் ‘நம் முயற்சியால் சராசரி இடம் முன்னேறியது’ என்று எழுதிப் பணம் வாங்கியவர்கள் இருப்பார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? அவர்களுக்குக் காசு கொடுப்பவர் கேட்பது அம்புக்குறியைத்தானே.

முழக்கோலே நீண்டும் சுருங்கியும் போகும்போது துணியைக் குறை சொல்வது நெசவாளர் ஊரான அருப்புக்கோட்டையில் செல்லாது. இணையத்தில் செல்லுகிறது.

முழக்கோல் இதோடு நிற்கவும் இல்லை. 2024 ஆகஸ்டில் இந்தியத் தேடலில் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கங்கள் வந்தன. கேள்விக்குப் பதில் மேலேயே கிடைத்துவிடுகிறது. கீழே இறங்க வேண்டிய தேவை குறைகிறது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2025 மார்ச்சில் சுமார் 900 பேரின் தேடல்களைப் பார்த்தது. சுருக்கம் வந்த தேடல்களில் 8 சதவீதத்தில்தான் வழக்கமான இணைப்பை யாராவது கிளிக் செய்தார்கள். சுருக்கம் வராதவற்றில் அது 15 சதவீதம். அங்கே உள்ள எண்ணை அப்படியே இங்கே ஒட்ட முடியாது, ஆனால் திசை விளங்கும். உங்கள் கட்டுரை அதே இடத்தில் இருக்கும், அதே அளவு தென்படும், கிளிக் மட்டும் குறையும். இதற்கு முந்தைய காலத்தையும் பிந்தைய காலத்தையும் பக்கத்தில் வைத்து ‘உங்கள் தலைப்பு சரியில்லை’ என்று எழுத்தாளரிடம் சொல்வது அநியாயம். அவர் எழுதியதை உறிஞ்சித்தான் மேலே சுருக்கம் தயாராகிறது என்பது அநியாயத்துக்கு மேல் அநியாயம்.

*

இனி எம்.ரெட்டியபட்டி.

திருச்சுழி வட்டாரத்து ஊர். தமிழ்நாட்டில் ரெட்டியபட்டிகள் பல. முன்னால் ஒரு எழுத்து போட்டுத்தான் இந்த ஊரைப் பிரித்துச் சொல்ல முடிகிறது. இந்தப் பெயரை ஒருவர் எப்படியெல்லாம் தேடுவார்? புள்ளி வைத்து, வைக்காமல், இடைவெளி விட்டு, ரெட்டியாபட்டி என்று நீட்டி. ஆங்கிலத்தில் ‘ஐ’ போட்டு ஒருவர், ‘ஒய்’ போட்டு ஒருவர், ‘டி’யைக் குறைத்து ஒருவர். ஓர் ஊரைத் தேடும் சிறு கூட்டம் பத்துப் பதினைந்து துண்டாக உடைகிறது.

ஒரு தேடலை இரண்டு மூன்று மாதத்துக்குள் சில டஜன் பேராவது செய்யவில்லை என்றால், தனிமனித ரகசியம் கருதி, சர்ச் கன்சோல் அதைப் பட்டியலில் காட்டாது. மொத்தக் கணக்கில் இருக்கும், பெயர் இருக்காது. தேடல் சொல்லை வைத்து வடிகட்டினால் மொத்தத்திலிருந்தும் காணாமல் போகும். காரணம் நியாயமானது, நான் அதை எதிர்க்கவில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். ‘சென்னை’ என்ற சொல்லுக்கு இரண்டு காலங்களையும் ஒப்பிடலாம். பல கோணத்தில் உடைந்து கிடக்கும் ஒரு சிற்றூரின் பெயருக்குப் பட்டியலில் வரியே இல்லை. இருப்பது பூஜ்யம். பூஜ்யத்தைப் பூஜ்யத்தோடு ஒப்பிட்டு ‘இதற்கு டிமாண்டு இல்லை’ என்று முடிவெடுக்கிறார்கள். அந்த ஊர்க் கண்மாயைப் பற்றி, அங்கே சீமைக்கருவேலம் ஏறிய கதையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதலாம் என்று யாராவது சொன்னால் ‘சர்ச் வால்யூம் இல்லையே பாஸ்’ என்று பதில் வரும். தேடியவர்கள் இருந்தார்கள். அவர்களைப் பார்க்கிற கண்ணாடிதான் உங்களிடம் இல்லை.

இன்னொரு பக்கத்தையும் பார்ப்போம். எம்.ரெட்டியபட்டியில் காவல் நிலையம் உண்டு. அதனால் மாவட்டச் செய்திகளின் கடைசி வரியில் அந்தப் பெயர் அடிக்கடி வரும்: ‘எம்.ரெட்டியபட்டி போலீஸார் விசாரித்து வருகின்றனர்.’ ஒரு மாதம் அந்த ஊர்ப் பெயருக்கான தேடல் பத்து மடங்கு கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பச்சை அம்பு வானத்தைத் தொடும். அந்த மாதம் ஊரில் என்ன நடந்திருக்கும்? கோயில் கொடையாக இருக்கலாம். யாரோ ஒருவருடைய பிள்ளை ரோட்டில் அடிபட்டுச் செத்ததாகவும் இருக்கலாம். அம்புக்கு இரண்டும் ஒன்றுதான். அதைப் பார்த்து ‘இந்த மாதிரி இன்னும் போடுங்க’ என்று சொல்கிற மேலாளர் எதைக் கேட்கிறார் என்று அவருக்கே தெரியாது. தமிழ்ச் செய்தித் தளங்கள் ஏன் சாவுக்கும் கள்ளக்காதலுக்கும் இவ்வளவு இடம் கொடுக்கின்றன என்று ஆச்சரியப்படுபவர்கள் விடையை இங்கே தேடலாம். சிற்றூர் எப்போது எண்ணாகத் தெரிகிறது? அங்கே விபரீதம் நடக்கும்போது மட்டும். அந்த எண்ணைத் துரத்தினால் விபரீதம் மட்டுமே எழுத்தாகும்.

இது இணையத்தின் நோய் மட்டுமல்ல. நிதி ஆயோக் 2018இல் தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தில் விருதுநகர் மாவட்டமும் ஒன்று. அதே ஆண்டு டிசம்பரில் வந்த ‘டெல்டா’ தரவரிசையில் விருதுநகர் முதலிடம் பிடித்தது. ஒப்பிட்ட காலம் ஜூன் முதல் அக்டோபர் வரை, ஐந்தே மாதம். டெல்டா சொல்வது எவ்வளவு வேகமாக நகர்ந்தீர்கள் என்பதை. எங்கே நிற்கிறீர்கள் என்பது வேறு கேள்வி. அதிகாரிகளின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ‘நாட்டிலேயே முதலிடம்’ என்ற தலைப்பை மட்டும் படித்தவர் கரிசல் காட்டில் பாலாறும் தேனாறும் ஓடுவதாகத்தான் நினைத்திருப்பார்.

*

எதிர்த்தரப்பில் இரண்டு பேர் நிற்கிறார்கள்.

முதலாமவர்: “இதெல்லாம் பேச நல்லா இருக்கு. தளம் நடத்த காசு வேணும். காசுக்கு வாசகர் வேணும். வாசகர் வர்றாங்களான்னு எண்ணாம எப்படி நடத்துறது?” நியாயமான கேள்வி. எண்ணத்தான் வேண்டும். நான் சொல்வது சரியாக எண்ணுங்கள் என்று. தப்பான ஒப்பீடு, ஒப்பீடே இல்லாததைவிட மோசம். ஒன்றும் தெரியாதவர் தயங்குவார். தப்பாகத் தெரிந்தவர் தைரியமாக நாசம் செய்வார்.

இரண்டாமவர் நம்மாள், இலக்கியவாதி. “எழுத்தை எண்ணால் அளப்பதா? சீச்சீ.” இந்தச் சீச்சீயால்தான் சாவி அடுத்தவர் கைக்குப் போனது. உங்கள் தளத்தின் கணக்குப் பக்கத்தை நீங்கள் ஒருமுறைகூடத் திறந்ததில்லை. ஆகவே தலைப்பை மாற்றச் சொன்னால் மாற்றுகிறீர்கள், அல்லது கோபித்துக்கொண்டு வெளியேறுகிறீர்கள். ‘ஐயா, நீங்கள் ஒப்பிட்டிருக்கும் இரண்டு மாதங்களில் ஒன்றில் தீபாவளி இருக்கிறது’ என்று ஒரு வரி சொல்லத் தெரிந்திருந்தால் வாதம் அங்கேயே முடிந்திருக்கும். எண்ணைத் தெரியாதவர் எண்ணை எதிர்க்க முடியாது. சிற்றிதழ் நடத்தியவர்கள் சந்தா நோட்டை வரிவரியாகப் பார்த்தவர்கள்தான். அதனால் அவர்களுடைய கவிதை கெட்டுப்போகவில்லை.

*

சரி, என்னதான் செய்வது? பெரிய வித்தை ஏதுமில்லை.

மாதம் ஒருமுறை கணக்கை இறக்கிச் சேமியுங்கள். 16 மாதத்துக்கு மேல் கருவி மறந்துவிடும், நீங்கள் மறக்க வேண்டாம். மூன்று வருஷம் சேர்ந்த பிறகு பேச ஆரம்பிக்கலாம்.

பருவத்தைப் பருவத்தோடு வையுங்கள். தீபாவளிக்கு முந்தைய நாலு வாரத்தை முந்தைய தீபாவளிக்கு முந்தைய நாலு வாரத்தோடு. வெள்ளாமை பற்றிய பக்கங்களை விதைப்புக் காலம் விதைப்புக் காலத்தோடு. வாரக் கணக்கில் வெட்டுங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்கம் நாலு ஞாயிறும் மறுபக்கம் ஐந்து ஞாயிறும் சேர்ந்து தனியாக ஒரு கதை சொல்லும்.

மொத்தத் தளத்தின் சராசரி இடத்தைப் பார்க்காதீர்கள். இரண்டு காலத்திலும் இருந்த அதே பக்கம், அதே தேடல், அதை மட்டும் பாருங்கள். புதிதாக வந்தவற்றைத் தனியாகப் பட்டியலிடுங்கள். அவை உங்கள் புது வாசகர்கள்.

முழக்கோல் மாறிய நாளைக் குறித்து வையுங்கள். 2025 செப்டம்பர் என்று ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டைத் தாண்டி இம்ப்ரஷனை ஒப்பிடும் யாரையும் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கலாம்.

சதவீதத்துக்குப் பக்கத்தில் அசல் எண்ணைப் போடச் சொல்லுங்கள். 4 பேர் 8 பேர் ஆனதும் 100 சதவீத வளர்ச்சிதான்.

கடைசியாக, ஒப்பீட்டுக்கு அதன் வேலையை மட்டும் கொடுங்கள். ‘இங்கே ஏதோ மாறியிருக்கிறது, போய்ப் பார்’ என்று சொல்வது அதன் வேலை. எதை எழுதுவது என்று சொல்வது அதன் வேலை கிடையாது. எம்.ரெட்டியபட்டிக் கண்மாயைப் பற்றிய கட்டுரையை இந்த 28 நாளில் ஒருவரும் தேடாமல் போகலாம். பத்து வருஷம் கழித்து அந்த ஊரிலிருந்து பெங்களூருக்கோ துபாய்க்கோ போன ஒரு பிள்ளை தன் ஊர்ப் பெயரைத் தப்பும் தவறுமாகத் தட்டிப் பார்க்கும்போது, போலீஸார் விசாரித்து வருகின்றனர் என்பதைத் தவிர இன்னொன்றும் அங்கே இருக்க வேண்டும். அதை எழுதி வைக்கிற பொறுப்பு யாருடைய டேஷ்போர்டிலும் வராது. அது நம்முடையது.